உஷார்! சீப்பைத் தேய்த்த கை சுவர் பிளக்கைத் தேடிப் போகிறது

"சித்தி, பேட்டரியில லைட்டு மங்கலா எரியுது. செவுத்துல குடுத்தா பளிச்சுனு எரியும்ல?"

நாலாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகன் கேட்ட கேள்வி இது. கேட்டபோது அவன் கையில் ஒரு முழம் வயர் இருந்தது. முனைகளில் பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்து உரித்து, உள்ளே இருந்த செம்புக் கம்பியை அழகாக முறுக்கிவிட்டிருந்தான். ஒரு முனையில் டார்ச் பல்பு. மறுமுனைக் கம்பிகள் இரண்டும் பிளக் பாயிண்ட்டின் இரண்டு ஓட்டைகளுக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில்.

நான் கத்தவில்லை. கத்தினால் அவன் திடுக்கிட்டு, கம்பி உள்ளே போய்விடுமோ என்ற பயம் தொண்டையை அடைத்துவிட்டது. "கண்ணா, அப்படியே கீழ வை. வெச்சுட்டு சித்திகிட்ட வா" என்று மெல்லச் சொன்னேன். வைத்துவிட்டு வந்தான். அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேச்சு வராமல் நின்றேன்.

இதை எழுதுவதற்குக் காரணம், அவன் விஷமம் செய்யவில்லை என்பதுதான். அவன் சரியாக யோசித்தான். ஒரு பேட்டரி போட்டால் பல்பு மங்கலாக எரியும், இரண்டு போட்டால் பிரகாசமாக எரியும் என்று வகுப்பில் செய்து காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் ஃபேனையும் மிக்ஸியையும் ஓட்டுகிற சுவர் பிளக்கில் கொடுத்தால் இன்னும் பிரகாசமாக எரியத்தானே வேண்டும்? ஒன்பது வயதுப் பிள்ளையின் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. பாடம் நடத்திய நாமும், வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த நாமும் ஒரு கோட்டைப் போட மறந்துவிட்டோம். பாடம் நன்றாகப் புரிந்த பிள்ளைக்குத்தான் இந்த ஆபத்து. ஆகவே உஷார். உங்கள் வீட்டில் இந்த வாரம் யாராவது 'மின்சாரம்' பாடம் படிக்கிறார்கள் என்றால் இன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள்.

கதை ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிட்டது. முதலில் வந்தது நிலைமின்சாரம். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளைத் தூக்க வேண்டும். காலையில் அக்கா தேங்காய் எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை. எண்ணெய்த் தலையில் எத்தனை தரம் சீவினாலும் சீப்பில் மின்னூட்டம் தங்காது. போதாததற்கு எங்கள் ஊர்க் கடற்காற்று. காற்றில் ஈரம் மிகுந்தால் சீப்பின் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் படிந்து, சேர்ந்த கொஞ்ச மின்னூட்டமும் கசிந்து போய்விடும். காகிதம் அசையவே இல்லை. "சும்மா பொய் சொல்றாங்க" என்று சீப்பை வீசினான். ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் போட்டுக் குளித்து, தலை நன்றாக உலர்ந்த பிறகு மறுபடி செய்யச் சொன்னேன். துணுக்குகள் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டன. இருட்டில் நைலான் துணியைத் தேய்த்துச் சின்னப் பொறிகூடப் பார்த்துவிட்டான். விரலில் 'சுருக்' என்றது. சிரித்தான்.

அந்தச் சிரிப்பில்தான் முதல் தப்பான பாடம் அவன் மனசில் பதிந்தது: கரண்ட் என்றால் சுருக்கென்று ஒரு கிள்ளு, அவ்வளவுதான்.

அந்தச் சின்னப் பொறி காற்றில் ஒரு மில்லிமீட்டர் தாவுவதற்கே ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சுவர் பிளக்கில் இருப்பதோ 230 வோல்ட். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பிள்ளை என்ன நினைக்கும்? 3,000 வோல்ட்டே ஒன்றும் செய்யவில்லை, 230 என்ன செய்துவிடும் என்றுதான் நினைக்கும். வோல்ட்டை மட்டும் சொல்லிக்கொடுத்து நிறுத்திவிடுவது அதனால்தான் ஆபத்து.

அவனுக்கு அடுப்படியில் வைத்து விளக்கினேன். தாளிக்கும்போது எண்ணெயிலிருந்து ஒரு கடுகு தெறித்துக் கையில் படுகிறது. சுருக்கென்று சுடும், உதறிவிட்டு வேலையைப் பார்ப்போம். அதே சூட்டில் இருக்கும் எண்ணெய்ச் சட்டி முழுதும் காலில் கவிழ்ந்தால்? சூடு ஒன்றுதான், அளவு வேறு. வோல்ட் என்பது சூடு மாதிரி. சீப்பிலும் நைலான் துணியிலும் தேங்குவது ஒரு கடுகளவு மின்னூட்டம், அதுவும் கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. பின்னால் வந்து நிரப்ப எதுவும் இல்லை. சுவர் பிளக்குக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, துணை மின்நிலையம் இருக்கிறது, அதற்கும் பின்னால் மேட்டூரும் நெய்வேலியும் இருக்கின்றன. கை எடுக்கிற வரைக்கும் அது ஊற்றிக்கொண்டே இருக்கும். கை எடுக்க முடியாமலும் செய்துவிடும்.

"கரண்ட் இழுத்துப் பிடிச்சுக்கும்" என்று நம் ஊரில் சொல்வார்கள். இழுப்பது கரண்ட் இல்லை, நம்முடைய தசைதான். நம் வீட்டு மின்சாரம் ஒரு விநாடிக்கு 50 சுற்று, அதாவது 100 முறை திசை மாறுகிறது. அது கை வழியாகப் பாயும்போது தசைகள் இறுகி, விரல்கள் கம்பியைத் தாமாகவே கெட்டியாகப் பற்றிக்கொள்கின்றன. விட நினைத்தாலும் விட முடியாது. வளர்ந்தவர்களுக்கே 10 மில்லி ஆம்பியர் அளவில் இந்த நிலை வந்துவிடும், பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவிலேயே வரும். 30-ஐ நெருங்கினால் மூச்சு விடும் தசைகள் இறுகும். 100-ஐத் தொட்டால் இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நனைந்த உடம்பின் மின்தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். டார்ச் பேட்டரி 1.5 வோல்ட். 1.5-ஐ 1,000-ஆல் வகுத்தால் 1.5 மில்லி ஆம்பியர், உணர்ந்தாலும் லேசாகத்தான் உணர்வோம். சுவர் பிளக் 230 வோல்ட். 1,000-ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். இதயத்தைத் தடம் புரட்டத் தேவையானதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இன்னொரு கணக்கும் சொன்னேன். நம் வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு எடுத்துக்கொள்வது சுமார் 40 மில்லி ஆம்பியர். அந்தச் சின்ன பல்பு எரியத் தேவையான மின்சாரமே ஒரு குழந்தையின் மூச்சை நிறுத்தப் போதும். அவன் பல்பையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியவர்களுக்கு இங்கே ஒரு பொய்யான தைரியம் உண்டு. "ஏதாவது ஆச்சுன்னா ஃபியூஸ் போயிடும், எம்.சி.பி. விழுந்துடும்." விழாது! மெயின் பெட்டியில் இருக்கும் சாதாரண எம்.சி.பி. 6 ஆம்பியர் என்றால், அது 6,000 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால்தான் அசையும். ஒரு பிள்ளையின் உயிரைப் பறிக்கும் 230 மில்லி ஆம்பியர் அதன் கணக்கிலேயே வராது. அது வயர் எரிந்துவிடாமல் காக்க வைத்தது, மனிதரைக் காக்க வைத்ததல்ல. மனிதரைக் காக்க வேறொரு கருவி இருக்கிறது: ஆர்.சி.சி.பி., எலக்ட்ரீஷியன்கள் ட்ரிப்பர் என்றும் சொல்வார்கள். போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் எங்காவது, யார் உடம்பு வழியாகவாவது தரைக்குக் கசிந்தால் ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால் ஒன்று. அக்கா மகன் செய்யப் போனதுபோல இரண்டு கம்பிகளையும் இரண்டு கைகளில் பிடித்து இரண்டு ஓட்டைகளிலும் விட்டால், கசிவு பெரிதாக இல்லாததால் ட்ரிப்பருக்கும் அது தெரியாமல் போகலாம். போனதும் வந்ததும் சமம், பல்பு எரிகிறது என்று நினைத்துக்கொள்ளும். எந்தக் கருவியும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு ஈடாகாது.

நாம் எதைக் காட்டிக்கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். அப்பா டெஸ்டரைப் பிளக் ஓட்டையில் விடுகிறார். சிவப்பு விளக்கு மினுக்குகிறது. பிள்ளை வாயைப் பிளந்து பார்க்கிறது. டெஸ்டருக்குள் மிகப் பெரிய மின்தடை ஒன்று இருக்கிறது, அதனால்தான் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பிள்ளைக்குத் தெரியாது. அடுத்த நாள் அதன் கையில் ஸ்க்ரூ டிரைவரோ ஹேர்பின்னோ கிடைத்தால் போதும். அம்மா டூ பின் பிளக்கைத் த்ரீ பின் சாக்கெட்டில் சொருகப் பார்க்கிறார். உள்ளே போகவில்லை. மேல் ஓட்டையில் ஒரு குச்சியையோ பேனாவையோ நுழைத்து அழுத்தினால் கீழ் ஓட்டைகள் திறந்துகொள்ளும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அப்படியே செய்கிறார். அந்த மூடி எதற்காக இருக்கிறது? குழந்தை கம்பியை நுழைக்கக் கூடாது என்பதற்காகத்தான். அதைத் திறக்கும் வித்தையைக் குழந்தைக்கு முன்னாலேயே செய்து காட்டுகிறோம்.

ஸ்விட்சை அணைத்துவிட்டால் பயமில்லை என்று நினைப்பதும் தப்பு. வயரிங் செய்தவர் மாற்றிக் கொடுத்திருந்தால், ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் உயிர் இருக்கும். செருப்புப் போட்டுக்கொண்டால் ஷாக் அடிக்காது என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். செருப்பு நனைந்திருக்கலாம், இன்னொரு கை சுவரில் இருக்கலாம். இந்தப் பேச்சு காதில் விழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

கொசு பேட்! ரீசார்ஜ் செய்யும் கொசு பேட் ஒன்று பழுதாகி மூலையில் கிடக்கும். சோதனைப் பிரியமுள்ள பிள்ளைக்கு அதைவிட நல்ல பொருள் ஏது? உள்ளே இருக்கும் மின்தேக்கி சில வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல் சேர்த்து வைக்கும். ஸ்விட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருக்கும். இதுவும் நிலைமின்சாரம்தான், சீப்பில் இருந்ததன் அண்ணன். 1746-இல் ஹாலந்தின் லைடன் நகரத்தில் பேராசிரியர் மூசன்ப்ரூக், ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இப்படி மின்னூட்டத்தைச் சேர்க்க முடியும் என்று கண்டு, அதன் அடியை வாங்கி ஆடிப்போய்விட்டார். அந்தக் குடுவையை பிளாஸ்டிக் பாட்டிலிலும் அலுமினியத் தாளிலும் செய்து காட்டும் வீடியோக்கள் இன்று பிள்ளைகளின் கைக்குள் ஓடுகின்றன. பெரியவர் துணையில்லாமல் செய்யவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். சார்ஜர், டிவி, கம்ப்யூட்டர் பவர் சப்ளை இவற்றுக்குள்ளும் பிளக்கைப் பிடுங்கிய பிறகு மின்தேக்கி காத்துக்கொண்டிருக்கும்.

பேட்டரி என்றால் பயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பொம்மையில் வரும் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் அது உணவுக்குழாயில் சிக்கி 2 மணி நேரத்துக்குள் சதையை அரிக்கத் தொடங்கிவிடும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பவர் பேங்க்கைப் பிரித்து எடுத்த லித்தியம் செல்லைச் சோதனைக்குத் தராதீர்கள். முனைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டால் தீப்பிடிக்கும். கடையில் வாங்கும் சாதாரண டார்ச் செல், ஒன்றோ இரண்டோ, அவ்வளவு போதும்.

இனி வானம். பலூனைத் தேய்த்துத் தலைக்கு மேல் பிடித்தால் முடி குத்திட்டு நிற்கும், வகுப்பே கைதட்டிச் சிரிக்கும். அதே முடி, மழைமேகம் கறுத்த மைதானத்தில் தானாகக் குத்திட்டு நின்றால் அது சிரிப்பதற்கு இல்லை. மேலே இருக்கும் மேகத்தின் மின்னூட்டம் உன் தலை வரைக்கும் வந்துவிட்டது, எந்த நொடியும் மின்னல் இறங்கலாம் என்று அர்த்தம். இந்த ஒரு வாக்கியத்தைப் பலூன் சோதனை செய்யும் ஒவ்வொரு வகுப்பறையிலும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று ஆசிரியர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். மின்னல் அடித்து இந்த நாட்டில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. வீட்டிலும் வெளியிலும் மின்சாரம் தாக்கிச் சாகிறவர்கள் 10,000-க்கும் மேல்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1752-இல் பட்டம் விட்ட கதையைப் பிள்ளைகளுக்கு வீரக் கதையாகச் சொல்கிறோம். அவர் பட்டத்தில் மின்னல் விழவில்லை. மேகத்தில் இருந்த மின்னூட்டம் நூல் வழியாகக் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். விழுந்திருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார். அடுத்த ஆண்டு, 1753-இல், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் ஜார்ஜ் ரிக்மான் என்ற விஞ்ஞானி கூரையிலிருந்து வீட்டுக்குள் ஒரு கம்பியை இறக்கி, வானத்து மின்சாரத்தை அளக்க முயன்றார். இடி முழக்கம் கேட்டுக் கருவியிடம் ஓடினார். கம்பியிலிருந்து ஒரு ஒளிப்பந்து அவர் நெற்றிக்குத் தாவியது. அங்கேயே செத்துப்போனார். ஃபிராங்க்ளின் கதையைச் சொல்கிறவர்கள் ரிக்மானையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணச் சொல்லிக்கொடுங்கள். ஒலி 3 விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் போகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கிரிக்கெட் பேட்டைப் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் ஓட வேண்டும். புளியமரத்தடிக்கோ பனைமரத்தடிக்கோ போகவே கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது.

மழைக்காலத் தெருவை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது. 2017 நவம்பர் 1 அன்று சென்னை கொடுங்கையூரில், தேங்கிய மழைநீரில் கால் வைத்த இரண்டு சிறுமிகள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் போனார்கள், அதில் பிள்ளைகளும் உண்டு. வீட்டுக் கொடிக்கம்பியை மின்கம்பத்திலோ, சர்வீஸ் வயர் கட்டிய குழாயிலோ கட்டியிருக்கிறீர்களா? இன்றைக்கே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். கம்பி அறுந்து கிடந்தால் அது செத்துக் கிடக்கிறது என்று எண்ணாமல் 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள், மற்றவர்களையும் நிறுத்துங்கள். தரை வழியாகவும் பாயும் என்பதால், அருகில் மாட்டிக்கொண்டால் இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்தபடி சின்னச் சின்னதாகத் தரையைத் தேய்த்துக்கொண்டே விலக வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள். பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

யாராவது மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: தொடாதே, ஓடிப்போய்ப் பெரியவரைக் கூப்பிடு. தம்பியைக் காப்பாற்றப் போன அண்ணனும், மகனை இழுக்கப் போன அம்மாவும் சேர்ந்து போகும் செய்தியை எத்தனை முறை படிக்கிறோம். பெரியவர்கள் முதலில் மெயினை அணைக்க வேண்டும். அது முடியாவிட்டால், வீட்டு மின்சாரம் என்றால் மட்டும், உலர்ந்த பலகை மேல் நின்று உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்க வேண்டும். விலக்கியதும் 108. மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணில் புதைத்தால் கரண்ட் இறங்கிவிடும் என்று சில ஊர்களில் குழி தோண்டுகிறார்கள். குழி தோண்டும் அந்த நிமிடங்களில்தான் உயிர் போகிறது. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும்.

பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அவனுக்கு மறுநாள் இரண்டு டார்ச் செல், ஒரு சின்ன எல்.இ.டி., ஒரு ஸ்விட்ச் எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். உப்புத் தண்ணீர், எலுமிச்சம்பழம், பென்சில் முனை என்று எதிலெல்லாம் மின்சாரம் போகிறது என்று சோதித்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுகிறான். முதல் பக்கத்தில் அவனே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறான்: "செவுரு பக்கம் போகக் கூடாது."

உங்கள் வீட்டு மெயின் பெட்டியில் ட்ரிப்பர் இருந்தால் அதில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், 'டெஸ்ட்' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும், சிலவற்றில் 'டி' என்ற எழுத்து மட்டும். அதை அழுத்தினால் 'டப்' என்று விழ வேண்டும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது பெட்டியில் சும்மா இருக்கிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு உடனே மாற்றுங்கள்.

அன்று ராத்திரி அவன் தூங்கிய பிறகு நாற்காலி போட்டு ஏறி எங்கள் வீட்டுப் பொத்தானை அழுத்தினேன். விழவில்லை. மறுபடி அழுத்தினேன். ஃபேன் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.